ரோட்டோருவா போகுமுன்: மாவோரி ஊரையும் நீராவி கிளம்பும் நிலத்தையும் பார்க்க ஒரு வழிகாட்டி

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஆக்லாந்திலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது ரோட்டோருவா. சாக்கடை மூடியிலிருந்தும் பூங்காவின் வேலிக்குள்ளிருந்தும் நீராவி கிளம்புகிற ஊர். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அந்த ஆவியிலேயே சமைத்து, அந்த வெந்நீரிலேயே குளித்து இன்றும் குடியிருக்கிற ஊர். நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகள் என நான்கு பேர் ஒரு மார்ச் மாதத்தில் போய்வந்தோம். பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏற்பாடுகளை முன்பின்னாகச் செய்ததில் பணமும் ஒரு முழுப் பகலும் போயின. சைவம் சாப்பிடும் அம்மா ஒரு இரவு வெறும் ரொட்டியோடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடும் படுக்கப் போனார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தையும் நாட்களையும் முடிவு செய்யுங்கள்

ரோட்டோருவாவுக்குக் குறைந்தது இரண்டு முழு நாள் வேண்டும். மூன்று என்றால் பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஓட வைக்காமல் பார்க்கலாம். ஆக்லாந்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. அவற்றில் ஆறு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். நான் அதைச் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அங்கே கோடை, பள்ளி விடுமுறை. அறை வாடகை ஏறிவிடும், இடமும் கிடைக்காது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். குளிர் தாங்குவீர்கள் என்றால் ஜூன், ஜூலையும் நல்லதுதான்; குளிர்ந்த காற்றில் ஆவி அடர்த்தியாகத் தெரியும். மாவோரிப் புத்தாண்டான மட்டாரிக்கியும் அப்போதுதான் வரும். 2022 முதல் அது நாடு முழுவதுக்கும் பொது விடுமுறை. விடியலுக்கு முன் கிழக்கில் மட்டாரிக்கி என்று அவர்கள் பார்த்துக் கும்பிடும் விண்மீன் கூட்டம் வேறெதுவும் இல்லை, நம் கார்த்திகை நட்சத்திரமேதான்.

2. விசா: எந்தக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்தது

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் முன்கூட்டியே சுற்றுலா விசா வாங்க வேண்டும். விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான், நியூசிலாந்து குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில். கையில் வைத்திருக்க வேண்டியவை:

- நியூசிலாந்தை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு
- ஆளுக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர் கையிருப்பு உண்டு என்று காட்டும் வங்கிக் கணக்கு விவரம். தங்குமிடத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 400 டாலர் போதும்
- திரும்பும் பயண ஏற்பாடு
- வேலைக் கடிதம், விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு போல ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான தாள்கள்
- தமிழில் இருக்கும் சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு

இந்தக் கடைசி வரியை லேசாக விடாதீர்கள். அம்மாவின் பெயரில் இருந்த வீட்டுப் பத்திரம் தமிழில் இருந்தது. அதை அப்படியே ஏற்றிவிட்டேன். பிறகு மொழிபெயர்ப்பு கேட்டுக் கடிதம் வந்தது, நாட்கள் ஓடின. ஆறு மாதத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு வழக்கமாக மார்பு எக்ஸ்ரே தேவைப்படாது.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் மின் பயண அனுமதி வேண்டும். கைப்பேசிச் செயலியில் எடுத்தால் 17 டாலர், இணையதளத்தில் 23 டாலர். 72 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் விமான நிலையத்தில் நின்று கொண்டு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். ஒருமுறை எடுத்தால் 2 ஆண்டு செல்லும்.

இரு வகையினரும் இதோடு சேர்த்து சுற்றுலா வரி கட்ட வேண்டும். 35 டாலராக இருந்த அந்த வரி 2024 அக்டோபர் 1 முதல் 100 டாலர் ஆகிவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துக் கணக்குப் போட்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு இங்கேயே 260 டாலர் துண்டு விழும். விசாக் கட்டணமும் அப்போது கூடியது. கட்டும் நாளில் குடிவரவுத் துறைத் தளத்தில் பார்த்துக்கொண்டு கட்டுங்கள்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது விண்ணப்பியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் அதிகம்.

3. விமானம்: இடையில் இறங்கும் நாட்டைக் கவனியுங்கள்

விலை குறைவு என்று ஆஸ்திரேலியா வழியாக எடுத்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இடைப்பயண விசா வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். அது இல்லாமல் போனால் சென்னையிலேயே ஏற விடமாட்டார்கள். சிங்கப்பூர் வழி எடுக்கிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பெட்டியை வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டி வரும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம்.

4. பயண அறிவிப்பும் சாப்பாட்டுப் பையும்

நியூசிலாந்தில் இறங்கும் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, பயண அறிவிப்பு ஒன்றை நிரப்ப வேண்டும். பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து இணையத்தில் நிரப்பலாம். இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வந்த தளம் ஒன்றில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டது. அரசுத் தளம் என்று நம்பி நான்கு பேருக்கும் கட்டிவிட்டேன். பணம் திரும்பவில்லை. முகவரியின் கடைசியில் நியூசிலாந்து அரசின் பெயர்க்குறி (.govt.nz) இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் நிரப்புங்கள்.

அடுத்தது சாப்பாடு. உணவு, விதை, மரச்சாமான், மண் ஒட்டிய காலணி எதுவாக இருந்தாலும் அறிவிப்பில் "ஆம்" என்று போடுங்கள். சொல்லிவிட்டால் அதிகாரி பார்ப்பார். சரி என்றால் விடுவார், இல்லையென்றால் எடுத்து வைத்துக்கொள்வார். அதோடு முடிந்தது. சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த வாழைப்பழத்தைப் பையில் மறந்து வைத்திருந்தாலும் அதேதான்.

கறிவேப்பிலை, பழம், தேன் இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பால் இனிப்பும் நெய்ப் பலகாரமும் வேண்டாம். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி எடுத்துப் போவதென்றால் கடையில் பொட்டலம் போட்டு, உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் அச்சிட்டதாக எடுங்கள். வீட்டில் அரைத்துப் பழைய டப்பாவில் அடைத்ததை விளக்கிச் சொல்வதற்குள் வரிசையே நகர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்தால் திறந்து காட்ட எளிது. தினசரி மாத்திரைகளை அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். காலணிகளின் அடிப்பகுதியைக் கிளம்புமுன் தேய்த்துக் கழுவுங்கள், அதையும் பார்ப்பார்கள்.

5. ஆக்லாந்திலிருந்து ரோட்டோருவா

காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம், பேருந்தில் நான்கு. உள்நாட்டு விமானமும் உண்டு. நம்மைப் போலவே இடது பக்க ஓட்டம்தான். ஆங்கிலத்தில் அச்சான நம் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே ஓட்டலாம். வேறு மொழியில் இருந்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். 7 வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், வாடகைக் காரோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். முக்கியமான ஒன்று: இரவு விமானத்தில் வந்து இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள். இந்திய நேரத்தைவிட அங்கே ஆறரை மணி நேரம் முன்னால், கோடையில் ஏழரை. உடம்பு நடுராத்திரியில் இருக்கும்போது வளைந்து வளைந்து போகும் சாலையில் கையை வைக்க வேண்டாம்.

ஊருக்குள் மட்டும் சுற்றுவதென்றால் கார் இல்லாமலே முடியும். வாய்-ஓ-டாப்பு, வைமாங்கு போன்ற, ஊருக்கு வெளியே உள்ள வெந்நீர் இடங்களுக்குத்தான் கார் அல்லது சுற்றுலா வண்டி தேவை.

6. மற்ற எதற்கும் முன்னால் மாலை நிகழ்ச்சியைப் பதிவு செய்யுங்கள்

வரவேற்புச் சடங்கு, பாட்டு, ஹாக்கா என்ற வீர நடனம், பிறகு ஹாங்கி என்ற மண்குழிச் சமையல் விருந்து என்று மூன்று நான்கு மணி நேரம் போகும் மாலை நிகழ்ச்சிகளை மாவோரிக் குடும்பங்களும் நிறுவனங்களும் நடத்துகின்றன. வெந்நீர்ப் பள்ளத்தாக்கிலுள்ள டே புயாவில் நடப்பது ஒன்று. காட்டுக்குள் நடக்கும் டே பா டூ இன்னொன்று. பழைய குறிப்புகளில் இது டமாக்கி மாவோரிக் கிராமம் என்ற பெயரில் இருக்கும், குழம்ப வேண்டாம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 130 டாலருக்கு மேலேயே எடுத்து வையுங்கள். நம் பணத்தில் ஒரு டாலருக்கு 50 ரூபாய் சொச்சம் என்று பெருக்கிக்கொள்ளலாம்.

நாங்கள் செய்த பிழை இங்கேதான். பகல் இடங்களை எல்லாம் முதலில் பதிவு செய்தோம். கடைசியில் மாலை நிகழ்ச்சிக்குப் போனால் எங்களுக்கு வசதியான நாளில் இடம் இல்லை. கிடைத்த நாளுக்காக மற்ற பதிவுகளை மாற்றியதில் ஒரு பகல் வீணானது. மாலையை முதலில் குறித்துவிட்டு, பகலை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

இனி சைவம். ஹாங்கி என்பது சுட்ட கற்களைக் குழியில் போட்டு, மேலே உணவுக் கூடைகளை வைத்து, ஈரத்துணியும் மண்ணும் மூடி ஆவியில் மணிக்கணக்காக வேக வைக்கும் முறை. ரோட்டோருவாவில் பூமியின் ஆவியையே அடுப்பாக வைத்தும் செய்கிறார்கள். ஆட்டிறைச்சி, கோழி, பன்றி, அவற்றோடு உருளைக்கிழங்கு, பூசணி, குமரா எனப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் ஒன்றாக வேகும். ஆகவே பதிவு செய்யும்போது "சைவம்" என்ற கட்டத்தில் டிக் அடித்தால் மட்டும் போதாது. இரண்டு நாள் முன்னதாக எழுதிக் கேளுங்கள்: காய்கறி தனிக் கூடையிலா, இறைச்சியோடு சேர்ந்தா? முட்டை, மீன் சேருமா? பருப்போ பயறோ உண்டா? நான் டிக் அடித்ததோடு இருந்துவிட்டேன். அங்கே போய்க் கேட்டபோது அம்மாவுக்குத் தனியாக எதுவும் வைத்திருக்கவில்லை, இறைச்சிக்குக் கீழே வெந்ததைச் சாப்பிட அவருக்கு மனம் இல்லை. முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால் செய்து வைத்திருப்பார்கள். மறுநாள் வேறு இடத்தில் முன்கூட்டிச் சொன்னபோது அருமையாகச் செய்து கொடுத்தார்கள்.

7. ஒரே பெயரில் மூன்று இடம்

ஃபாகரேவரேவா என்ற பெயரைத் தேடினால் மூன்று இடங்கள் வரும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

முதலாவது டே புயா. ஃபாகரேவரேவா வெந்நீர்ப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி. 30 மீட்டர் வரை எழும் போஹுட்டு வெந்நீர்ப் பீச்சு இதற்குள்தான் இருக்கிறது. மணிக்கு ஒன்றிரண்டு முறை எழும் என்பதால் காத்திருந்தால் ஏமாற்றம் இருக்காது. பக்கத்திலுள்ள சிறிய பீச்சு முதலில் துள்ளத் தொடங்கும். அது தொடங்கினால் இடத்தை விட்டு நகராதீர்கள். மாவோரி மரச் செதுக்கலும் நெசவும் கற்பிக்கும் தேசியக் கலைப்பள்ளியும் இங்கேயே இருக்கிறது. மாணவர்கள் உளியோடு வேலை செய்வதை நின்று பார்க்கலாம். இருட்டறையில் கிவிப் பறவை உண்டு, அங்கே படம் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, அதே பள்ளத்தாக்கின் மறுபக்கம், வேறு வாசல், வேறு டிக்கெட்: ஃபாகரேவரேவா மாவோரிக் குடியிருப்பு. டூஹோரங்கி ஙாட்டி வாஹியாவோ மக்கள் இங்கே குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அந்த ஊர்க்காரரே உங்களை அழைத்துச் சுற்றிக் காட்டுவார். துணி காய்கிற கொடியைத் தாண்டி, கல்லறைகளைத் தாண்டி, வாசலில் ஆவிப்பெட்டி வைத்துச் சமைக்கும் வீடுகளுக்கு நடுவே நடப்பீர்கள். பரேகோஹுரு என்ற கொதிகுளத்தில் துணிப்பையில் சோளக்கருதைக் கட்டி இறக்கி, சில நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். உப்புப் போடாமலே லேசான உப்புச் சுவை. சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல மாவோரிச் சாப்பாடு கிடையாது. என் அம்மா இரண்டாவது கருதும் கேட்டு வாங்கினார். போஹுட்டு எழுவதை இங்குள்ள மேடையிலிருந்தும் தூரத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது ஃபாகரேவரேவா காடு, செம்மரங்கள் வானளாவ நிற்கும் நடைபாதை. நடக்கக் கட்டணம் இல்லை.

டே புயாவா, குடியிருப்பா, ஒன்றுதான் முடியும் என்றால்? பிள்ளைகளுக்குப் பீச்சைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்றால் டே புயா. மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்றால் குடியிருப்பு. நுழைவும் குறைவு. என் மனம் குடியிருப்பின் பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள், மாலைக்குள் ஊர் தன் குளியலுக்கும் சமையலுக்கும் திரும்பிவிடும், வெளியாட்கள் அப்போது அங்கே நிற்பது சரியல்ல.

ஏரிக்கரையில் ஓஹினேமுட்டு என்ற இன்னொரு மாவோரி ஊர் இருக்கிறது. கட்டணம் கிடையாது. டமாட்டெகாபுவா என்ற செதுக்கு மண்டபமும் புனித ஃபெய்த் தேவாலயமும் எதிரெதிரே நிற்கின்றன. தேவாலயத்துச் சன்னல் கண்ணாடியில் மாவோரிப் போர்வை அணிந்த இயேசு பொறிக்கப்பட்டிருக்கிறார். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் பின்னாலிருக்கும் ஏரி நீரின் மேல் அவர் நடந்து வருவது போலத் தெரியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே வரும்போது உண்டியலில் உங்களால் ஆனதைப் போடுங்கள்.

8. விருந்தாளியாக நடந்துகொள்ளும் முறை

டிக்கெட் வாங்கியிருந்தாலும் அந்த மண்ணில் நீங்கள் மனுஹிரி, அதாவது விருந்தாளி. வரவேற்புச் சடங்குக்குப் போஃபிரி என்று பெயர். முதலில் ஈட்டியோடு ஒரு வீரர் முன்னே வந்து கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, காற்றை வெட்டி நடப்பார். பிறகு ஒரு இலையைத் தரையில் வைப்பார். நீங்கள் சண்டைக்கு வந்தவர்களா, சமாதானமாக வந்தவர்களா என்று கேட்பது அது. விருந்தாளிகளின் தலைவர் அவர் கண்ணைப் பார்த்தபடியே குனிந்து அதை எடுக்க வேண்டும். முதுகைக் காட்டக் கூடாது. இந்த நேரத்தில் சிரிப்பதும், அந்த முகபாவத்தைத் திருப்பிச் செய்து காட்டுவதும் பெரிய அவமரியாதை. பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். என் மகள் பயந்து அழுதாள், முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டாள்.

அந்தத் தலைவராக உங்கள் பேருந்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பொறுப்பு உங்களுக்கு வந்தால் இரண்டு வரி நன்றி சொன்னால் போதும், தமிழிலும் சொல்லலாம். பேச்சு முடிந்ததும் பேசியவர் பக்கத்தார் ஒரு பாட்டுப் பாடுவது அவர்கள் முறை. எங்கள் பேருந்தில் யாருக்கும் பாட்டு வரவில்லை. அம்மா எழுந்து, எனக்குப் பாடிய தாலாட்டில் நான்கு வரி பாடினார். மண்டபத்தில் இருந்த வயதான பெண்மணி கண்ணை மூடிக் கேட்டார். நீங்களும் ஒரு பாட்டை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து ஹொங்கி. ஹாங்கி சாப்பாடு, ஹொங்கி வணக்கம். கையைப் பிடித்தபடி நெற்றியும் மூக்கும் மெல்லத் தொட்டு, மூச்சைப் பகிர்ந்துகொள்வது. முத்தம் இல்லை, அவசரமும் இல்லை. சளி பிடித்திருந்தால் சொல்லிவிட்டுக் கையை மட்டும் கொடுங்கள். கூச்சமாக இருந்தாலும் அப்படியே செய்யலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

சில பழக்கங்கள் நமக்குக் கேட்ட உடனே புரியும்: செதுக்கு மண்டபத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது, கால் நீட்டி உட்கார்ந்தவரைத் தாண்டாமல் இருப்பது. வேறு சிலவற்றில்தான் நாம் தவறுவோம். தலை அவர்களுக்கு டாப்பு, அதாவது புனிதமானது, தொடக் கூடாதது. பிள்ளைகளைப் பார்த்ததும் தலையைத் தடவிக் கொஞ்சுவது நம் வழக்கம், அங்கே வேண்டாம். உணவை ஒருவர் தலைக்கு மேலாகக் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் உட்காரவோ தொப்பியை வைக்கவோ கூடாது. தலையணை மேல் உட்காரக் கூடாது. மண்டபத்துக்குள் எதையும் சாப்பிடக் கூடாது. முகத்தில் மோக்கோ பச்சை குத்தியவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அலங்காரம் இல்லை, அவர்களுடைய வம்சாவளி.

மொழியில் நமக்கு ஒரு வசதி உண்டு. மாவோரியில் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்து உயிர், நம்மைப் போலவே குறிலும் நெடிலும் தனித்தனி. எழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில். சொல்லின் முதலில் வரும் "ங" பலரை வாட்டும் ஒலி. ஙப்போல் வளை என்று படித்தவர்களுக்கு அதில் என்ன கஷ்டம்? டபிள்யூவும் எச்சும் சேர்ந்து வந்தால் ஃப. "கியா ஓரா" என்றால் வணக்கம். "ஙா மிஹி" என்றால் நன்றி. இந்த இரண்டைச் சரியாகச் சொன்னாலே முகம் மலர்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். பேச்சு வளர்ந்தால் தமிழ் மணியைப் பற்றிச் சொல்லுங்கள்: கப்பல் பெயர் தமிழ் எழுத்தில் பொறித்த பழைய வெண்கல மணி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் வடக்கே மாவோரி மக்களிடம் சமையல் பாத்திரமாக இருந்தது. இப்போது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

9. வாய்-ஓ-டாப்பு: காலை 9.45க்கு வாசலில் நில்லுங்கள்

ரோட்டோருவாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அரை மணி நேரம். "புனித நீர்" என்று பெயர். இங்கே லேடி நாக்ஸ் என்ற பீச்சு, பூங்கா திறந்திருக்கும் நாட்களில் காலை 10.15க்கு எழும். சோப்பு போன்ற பொருளைப் போட்டு எழுப்புகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே முறை. அது முக்கியப் பூங்காவுக்குள் இல்லை. டிக்கெட்டை முதலில் பூங்காவில் வாங்கி, மறுபடி காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போக வேண்டும். நாங்கள் 10.10க்குப் பூங்கா வாசலில் வந்து நின்று அதைத் தவறவிட்டோம். எல்லா நாளும் திறந்திருக்கும் என்றும் எண்ணிக்கொள்ளாமல் அந்த வாரத்து நேரத்தைத் தளத்தில் பாருங்கள். நுழைவுக்கு 40 முதல் 50 டாலர் வரை வையுங்கள்.

பூங்காவுக்குள் மூன்று கிலோமீட்டர் சுற்று. இரண்டு மணி நேரம். ஷாம்பெயின் குளம் 65 மீட்டர் அகலம், 60 மீட்டருக்கு மேல் ஆழம், நீரின் வெப்பம் 74 டிகிரி. கரையில் காவி நிறத்தில் படிந்திருப்பது ஆர்சனிக், ஆன்டிமனிச் சேர்மங்கள். அதனால் பிள்ளைகள் கரையை விரலால் தொட்டுப் பார்க்க விடாதீர்கள். பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கி நிற்கும் குளம் கடைசியில் வரும், களைத்துப் போய்ப் பாதியில் திரும்பிவிடாதீர்கள். பூங்காவுக்கு வெளியே, திரும்பும் வழியில் சேற்றுக் குளம் ஒன்று உண்டு, இலவசம். கொதிக்கும் கூழ் போலச் சேறு துள்ளும். மகள் அரை மணி நேரம் அசையாமல் நின்ற இடம் அதுதான்.

மதியம் வைமாங்கு போகலாம். 1886 ஜூன் 10 அன்று டராவேரா எரிமலை வெடித்தபோது பிறந்த பள்ளத்தாக்கு. இறக்கத்தில் நடந்து போய், கீழிருந்து பேருந்தில் மேலே வரலாம், பேருந்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. இன்ஃபெர்னோ பள்ளத்தின் வெளிர்நீல நீர் ஏறத்தாழ 38 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்; நீங்கள் போகும் நாளில் நிறைந்திருக்கலாம், அடியில் கிடக்கலாம். ஏரிப் படகு தனி டிக்கெட்.

பணம் செலவழிக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே குயிராவ் பூங்கா. ஆவிக் குளங்களும், காலை நனைத்து உட்காரும் தொட்டிகளும், எல்லாம் இலவசம்.

10. உடம்பையும் உடைமையையும் காக்க

வேலியையும் பலகையையும் தாண்டவே தாண்டாதீர்கள். மேலே புல் முளைத்த தரைக்கு அடியில் கொதிநீர் இருக்கலாம், மேலோடு அப்பளம் போல உடையும். பிள்ளையின் கையை விடாதீர்கள். வெந்துவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அவசர எண் 111. விபத்துக் காயத்துக்கு அந்த நாட்டின் விபத்துக் காப்பீடு சுற்றுலாப் பயணிகளுக்கும் உதவும், நோய்க்கு உதவாது. ஆகவே பயணக் காப்பீடு எடுங்கள்.

திறந்தவெளி வெந்நீர் ஓடைகளிலும் குளங்களிலும் தலையை முக்காதீர்கள். மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா அந்த நீரில் இருக்கக்கூடும். கழுத்துக்குக் கீழே மட்டும் நனையுங்கள். கட்டணக் குளியல் இடங்களில் நீச்சல் உடை வேண்டும். உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடையை ஊரிலேயே வாங்கி வாருங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். இதய நோய், கர்ப்பம், இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஊரெங்கும் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு. சில மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். பழகியது என்பதால் காற்று நல்லது என்று பொருள் இல்லை. அறையின் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையிலேயே வையுங்கள். அந்த வாயு வெள்ளியைக் கறுப்பாக்கும். மகளின் கொலுசும் மனைவியின் மெட்டியும் இரண்டே நாளில் கரியாகிவிட்டன. வெள்ளியை எல்லாம் இறுக்கமான பையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

11. செலவுக் கணக்கும் நாள் கணக்கும்

விமானம், விசா, அறை தவிர, ஆளுக்கு: மாலை நிகழ்ச்சி 130 டாலருக்கு மேல், வெந்நில இடம் ஒவ்வொன்றுக்கும் 40 முதல் 60, டே புயா அதைவிடக் கூடுதல், குளியல் 30க்கு மேல். பிள்ளைகளுக்குக் குறைவு, குடும்ப டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். விலையில் வரி சேர்ந்தே இருக்கும், டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. அட்டையில் கட்டினால் சில கடைகளில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். வியாழன் மாலை டூட்டானெக்காய் தெருவில் இரவுச் சந்தை கூடும். அதே தெருவின் ஏரிப் பக்கத்தில் இந்திய உணவகங்களும் உண்டு. பச்சைக்கல் பதக்கம் வாங்குவதென்றால் செதுக்கியவர் பெயரும் கல் எங்கிருந்து வந்தது என்பதும் எழுதிக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். மலிவாகத் தொங்குபவற்றில் வெளிநாட்டுக் கல் நிறைய.

மறுபடி போனால் நான் அடுக்கும் வரிசை இது. முதல் நாள் காலை ஃபாகரேவரேவா குடியிருப்பு, மதியச் சாப்பாடு அங்கேயே சோளம், பகலில் ஓய்வு, நான்கு மணிக்கு ஓஹினேமுட்டு, மாலை நிகழ்ச்சி. மேல்சட்டை எடுத்துப் போங்கள், இரவில் குளிரும். இரண்டாம் நாள் எட்டே முக்காலுக்குக் கிளம்பி வாய்-ஓ-டாப்பு, சேற்றுக் குளம், வைமாங்கு. இரவு வெந்நீர்க் குளியல். மூன்றாம் நாள் டே புயா, செம்மரக் காடு. அப்புறம் காலணியின் சேற்றைக் கழுவிவிட்டு ஆக்லாந்து பேருந்து.